திரையில் 24, அறையில் புழுக்கம்: ஏசி ரிமோட் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஏசியின் காற்று வடிகட்டியைக் கழுவுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை வடிகட்டியை விட்டுவிட்டு ரிமோட்டைப் பற்றிக் கேட்டிருந்தன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் ரிமோட்டுக்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள் படுக்கையறை ஏசியின் ரிமோட் மூன்று நாட்களாக வேலை செய்யவில்லை. பட்டனை அழுத்தினால் திரையில் எண்கள் மாறுகின்றன; 24 என்று வைத்தால் 24 என்றே காட்டுகிறது. ஏசியிடமிருந்து மட்டும் எந்தச் சலனமும் இல்லை. திரை தெளிவாகத் தெரிவதால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, ஏசியில்தான் கோளாறு என்கிறார் என் கணவர். மெக்கானிக்கை அழைத்துவிடலாமா?

பதில்: அழைப்பதற்கு முன் கால்மணி நேரம் செலவிட்டுப் பாருங்கள், அம்மா. ரிமோட்டின் திரை எதைச் சொல்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான ஏசி ரிமோட்டுகளுக்குப் பேச மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. பட்டனை அழுத்தியதும் ரிமோட் தன் நினைவில் இருக்கும் எண்ணை மாற்றித் திரையில் காட்டிவிட்டு, அதே செய்தியை அகச்சிவப்பு ஒளியாக ஏசியை நோக்கி வீசுகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததா, வழியில் திரைச்சீலையில் மோதி நின்றுவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. திரையில் நீங்கள் காணும் 24 ரிமோட் கேட்ட வெப்பநிலை. ஏசி அதை ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம் சுவரில் இருக்கும் பெட்டியிலிருந்து வரும் ‘பீப்’ ஒலிதான்.

உங்கள் கணவரின் வாதத்தை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரையை இயக்கச் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் போதும். ஆனால் ரிமோட்டின் நுனியில் இருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒவ்வொரு துடிப்பின்போதும் பல பத்து மில்லி ஆம்பியரை, சில ரிமோட்டுகளில் நூறு மில்லி ஆம்பியருக்கும் மேல், ஒரே மூச்சில் இழுக்கும். பேட்டரி தீர்ந்துகொண்டே வரும்போது அதன் உள்ளே இருக்கும் மின்தடை கூடுகிறது, அதனால் எல்.இ.டி. மின்னோட்டத்தை இழுக்கும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து, ஒளி பலவீனமாகிவிடுகிறது. சொட்டுச் சொட்டாக வடியும் குழாயில் ஒரு டம்ளரை நிரப்பிவிடலாம்; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது. எந்தச் சுமையும் இல்லாமல் மல்டிமீட்டரில் அளந்து, 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிடுவதும் இதே காரணத்தால் பயன்படாது.

எனவே முதல் வேலை, இரண்டு பேட்டரிகளையும் ஒருசேர மாற்றுவது. ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போட வேண்டாம். புதியவற்றைப் போடுவதற்கு முன், பழையவற்றைக் கழற்றிய நிலையில் ஏதேனும் ஒரு பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் சிறிது மின்சாரம் வடிந்து, சிக்கிக்கொண்ட சில்லு புதிதாகத் தொடங்க இது உதவும். சில ரிமோட்டுகளில் பேட்டரி அறைக்குள்ளோ முன்பக்கத்திலோ ஊசித்துளை ஒன்று இருக்கும். குச்சி நுனியால் அதை அழுத்தினாலும் இதே பலன் கிடைக்கும்.

அடுத்து கேமரா சோதனை. கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் நுனியில் இருக்கும் சிறு குமிழை அதற்கு நேராகக் காட்டி, பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கைபேசித் திரையில் வெளிர் ஊதா நிறத்தில் சில கணங்கள் படபடவென மின்னும். ஏசி ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு முறைதான் செய்தி அனுப்பும் என்பதால், மின்னல் சட்டென முடிந்துவிடும். கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். பின்பக்கக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே ரிமோட்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். பல கைபேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். முன்பக்கக் கேமராவில் பாருங்கள். அதற்கும் முன்னால், நன்றாக வேலை செய்யும் தொலைக்காட்சி ரிமோட் ஒன்றைக் காட்டி, உங்கள் கைபேசிக்கு இந்த ஒளி தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது சோதனை ஏசியில். சுவர்ப்பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால், பெரும்பாலான மாடல்களில் வலப்பக்க ஓரத்தில் ஒரு சிறிய பட்டன் இருக்கும். ரிமோட் தொலைந்துபோனால் பயன்படுத்துவதற்காகவே வைத்திருக்கிறார்கள். அதை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் சில மாடல்கள், மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சோதனை ஓட்டத்துக்குப் போய், அறை எவ்வளவு குளிர்ந்தாலும் நிற்காமல் ஓடும்.

இனி விடை தானாகக் கிடைத்துவிடும். அந்தப் பட்டனால் ஏசி ஓடுகிறது, கேமராவில் ஒளி தெரியவில்லை என்றால் குறை ரிமோட்டில். பட்டனுக்கும் ஏசி அசையவில்லை என்றால் ரிமோட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மின் இணைப்பையும் சர்க்யூட் பிரேக்கரையும் பாருங்கள், அங்கே மின்சாரம் இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். பட்டனால் ஓடுகிறது, கேமராவிலும் ஒளி தெரிகிறது, ஆனாலும் ரிமோட்டுக்கு மட்டும் ‘பீப்’ வரவில்லை என்றால், ஏசியின் மின்சாரத்தைப் பிரேக்கரில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஏசியின் ஒளிவாங்கி பழுதாகியிருக்கலாம், அல்லது ரிமோட் தவறான செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். இவற்றுள் பின்னதைப் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார்.

கேள்வி: ரிமோட் கட்டிலிலிருந்து கீழே விழுந்தது. அதன் பிறகு வேலை செய்யவில்லை. கேமராவில் பார்த்தால் விளக்கு மின்னுகிறது. பேட்டரியும் புதிது. விளக்கு எரிந்தும் ஏசி ஏன் கேட்பதில்லை?

பதில்: கேமரா சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. விளக்கு எரிகிறது என்பதை மட்டும் அது காட்டும். விளக்கு சரியான வேகத்தில் துடிக்கிறதா என்பதைக் காட்டாது. அகச்சிவப்பு ரிமோட்டின் விளக்கு பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை அணைந்து எரியும். அதாவது 38 கிலோஹெர்ட்ஸ். ஏசியின் ஒளிவாங்கி அந்த வேகத்தை ஒட்டித் துடிக்கும் ஒளியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் இரைச்சல் என்று தள்ளிவிடும். பல ரிமோட்டுகளில் இந்த வேகத்துக்கு அடிப்படையாக இருப்பது ரெசனேட்டர் என்னும் மிளகு அளவுப் பீங்கான் துண்டு. கீழே விழும்போது அதில் நூலிழை விரிசல் விட்டாலோ, அதன் கால் சால்டரிலிருந்து விடுபட்டாலோ, துடிப்பின் வேகம் பிசகிவிடும். நம் கண்ணுக்கும் கேமராவுக்கும் எல்லாம் சரியாகத் தெரியும். ஏசிக்கு அது வேற்றுமொழி.

ரிமோட்டைத் திறந்து, ரெசனேட்டரின் கால்களிலும் எல்.இ.டி.யின் கால்களிலும் சால்டரை மீண்டும் உருக்கிவிட்டால் சரியாகிவிடும் வாய்ப்பு உண்டு. சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். “கீழே விழுந்த பிறகுதான் இப்படி” என்று தவறாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருடைய தேடலை வெகுவாகக் குறைத்துவிடும்.

கேள்வி: வெயில் காலம் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு ரிமோட்டை எடுத்தேன். பேட்டரியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது போல் இருக்கிறது. புதிய பேட்டரி போட்டும் பலனில்லை. ரிமோட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆல்கலைன் பேட்டரியின் உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் இருக்கிறது. பேட்டரி முற்றிலும் தீர்ந்த பிறகும் ரிமோட்டிலேயே கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் அடைப்பு விட்டு, காரம் கசிந்து வெளியே வரும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறைவதுதான் நீங்கள் கண்ட வெள்ளைப் பூப்பு. பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துப் போட வேண்டாம் என்று மேலே சொன்னதற்கும் இதுவே காரணம். முதலில் தீர்ந்துபோகும் பழையதைப் புதியது மேலும் வறட்டி, கசிவை விரைவுபடுத்திவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பொடி கண்ணிலோ தோலிலோ பட்டால் எரியும். உலர்ந்த பல்துலக்கியால் பொடியை ஒரு பழைய காகிதத்தில் உதிர்த்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஓரிரு துளி வினிகரைத் தொட்டு, ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் மட்டும் ஒற்றுங்கள். லேசாக நுரைத்தால் காரம் கரைகிறது என்று பொருள். நுரை அடங்கியதும் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட வேறொரு பஞ்சுக்குச்சியால் மறுபடியும் துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். வினிகரைப் பேட்டரி அறைக்குள் ஊற்றவே கூடாது. அது சர்க்யூட் போர்டுக்கு வழிந்தால் பேட்டரி செய்யாமல் விட்ட கேட்டை நாமே செய்துவிடுவோம். பேட்டரி ஆல்கலைன் வகையாக இல்லாமல் சாதாரண ஜிங்க் கார்பன் வகையாக இருந்தால், கசிவு அமிலத்தன்மை உடையதாக இருக்கும். வினிகர் தேவையில்லை, ஆல்கஹாலே போதும்.

உலர்ந்த பிறகு தகடு மங்கலாகவே இருந்தால், பென்சில் அழிப்பானால் பளபளக்கும் வரை தேயுங்கள். பெரும்பாலும் எதிர்முனை ஸ்பிரிங்கின் அடிச்சுற்றுதான் அரித்துப்போயிருக்கும். மேலிருந்து பார்த்தால் முழுமையாகவே தோன்றும், விரலால் லேசாக அசைத்தால் கையோடு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் ரிமோட்டில் ஆன், ஆஃப் வேலை செய்கிறது. வெப்பநிலையைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் மட்டும் சில நாட்களில் வேலை செய்கின்றன, சில நாட்களில் செய்வதில்லை.

பதில்: “சில நாட்களில்” என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பட்டன் மீது ஐயம் வரவில்லை. அந்த நாட்களில் திரையின் ஓரத்தில் என்ன சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். ஏசி ‘ஃபேன்’ முறையில் இருந்தால் வெப்பநிலைக்கு அங்கே வேலையே இல்லை. ‘டிரை’ எனப்படும் ஈரநீக்க முறையிலும் பல மாடல்கள் வெப்பநிலையை மாற்ற விடுவதில்லை. மோட் பட்டனைத் தவறுதலாக ஒருமுறை தட்டியிருந்தால் போதும், மறுநாள் காலையில் “ரிமோட் கெட்டுவிட்டது” என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். குளிர்விக்கும் முறைக்கான பனித்துகள் சின்னம் வரும் வரை மோட் பட்டனை அழுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள்.

திரையில் சிறிய பூட்டுச் சின்னம் இருந்தால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறது. இதை எழுதும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஒரு ரிமோட்டைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி, அதன் மூடியின் கொக்கி ஒன்றையும் உடைத்த பிறகுதான் எண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவில் இருந்த அந்தப் பூட்டு என் கண்ணில் பட்டது. கூட்டும், குறைக்கும் பட்டன்களைச் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பல மாடல்களில் பூட்டு விலகும். வேறு மாடல்களில் இதற்கெனத் தனிப் பட்டனோ, வேறு இரு பட்டன்களின் இணையோ இருக்கும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். அதே இரு பட்டன்கள் சில மாடல்களில் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும். திரையில் திடீரென 75 என்று தோன்றினால் பதற வேண்டாம். அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ்தான்.

முறையும் சரி, பூட்டும் இல்லை என்றால்தான் பட்டனைப் பார்க்க வேண்டும். ரப்பர் பட்டன்களின் அடியில் கருநிறப் பொட்டு ஒன்று இருக்கும். அழுத்தும்போது அது போர்டில் இருக்கும் இரு தடங்களை இணைக்கும். நாளடைவில் ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து தடங்களின் மீது படியும், அல்லது அதிகம் அழுத்தப்படும் பட்டனின் பொட்டு தேய்ந்துவிடும். போர்டையும் பொட்டுகளையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் மென்மையாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். பொட்டுகளை அழுத்தித் தேய்க்க வேண்டாம். கருமை உரிந்துவிட்டால் அந்தப் பட்டனை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: மாலை நான்கு மணிக்கு மேல் ரிமோட் வேலை செய்வதில்லை; பொழுது சாய்ந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்க ஒன்றுமில்லை. உங்கள் ஏசி இருக்கும் சுவர் மேற்குச் சன்னலுக்கு எதிரே இருக்கும் என்று நினைக்கிறேன். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறையவே உண்டு; சரிந்து வரும் மாலை வெயில் ஒளிவாங்கியின் மீது நேரே விழும்போது, ரிமோட்டின் மெல்லிய துடிப்பு அந்த வெள்ளத்தில் அமிழ்ந்துவிடுகிறது. இது ரிமோட்டின் பிறவிப் பகை. 1955இல் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி உருவாக்கிய ஃபிளாஷ்மேட்டிக், வெறும் ஒளிக்கற்றையைக் கொண்டு தொலைக்காட்சியை இயக்கியது. வெயில் பட்டாலே அது தானாகச் சேனலை மாற்றிவிடும் என்ற புகார் எழுந்தது. பிற்காலத்து அகச்சிவப்பு ரிமோட்டுகள் ஒளியை 38 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கவைத்து அனுப்புவதால், வெயிலைக் கட்டளை என்று தவறாக எண்ணும் குழப்பம் இன்று இல்லை. ஆனால் வெயில் ஒளிவாங்கியைத் திணறடிப்பது முற்றிலும் நின்றுவிடவில்லை.

அந்த இரண்டு மணி நேரம் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், அல்லது ஏசியின் அருகே சென்று அழுத்துங்கள். இரவிலும் இதே தொல்லை இருந்தால், ஏசிக்கு அருகில் இருக்கும் டியூப்லைட்டையோ சிஎஃப்எல் விளக்கையோ அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அவற்றின் மின்னணுச் சோக்குகள் சில, ரிமோட்டின் துடிப்பை ஒட்டிய வேகத்திலேயே ஒளியை அதிரவைக்கும்.

கேள்வி: ஆன் செய்தால் ‘பீப்’ வருகிறது, காற்றும் வருகிறது, குளிர் மட்டும் இல்லை. ரிமோட்டை மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். ‘பீப்’ வந்துவிட்டதால் ரிமோட் தன் வேலையை முடித்துவிட்டது. அணைத்துவிட்டு உடனே மறுபடி போட்டால், கம்ப்ரஸரைக் காப்பதற்காக ஏசி ஏறத்தாழ 3 நிமிடம் காத்திருந்துதான் அதை இயக்கும். ஐந்து நிமிடம் பொறுத்தும் குளிர் வரவில்லை என்றால் அது மெக்கானிக்கின் வேலை.

கேள்வி: ஒரே அறையில் ஒரே மாடல் ஏசி இரண்டு இருக்கின்றன. ஒரு ரிமோட்டை அழுத்தினால் இரண்டும் அணைந்துவிடுகின்றன.

பதில்: இரண்டு ஏசிகளும் ஒரே மொழியைப் புரிந்துகொள்வதால் வரும் வினை. சில நிறுவனங்களின் மாடல்களில் ஏசியையும் அதன் ரிமோட்டையும் வேறொரு முகவரிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. பொருத்தும் கையேட்டில் அது குறிப்பிடப்பட்டிருக்கும், மெக்கானிக் செய்து தருவார். அந்த வசதி இல்லையென்றால், ரிமோட்டின் நுனியில் கருப்பு டேப்பைச் சுற்றி ஒரு சிறு குழல் போல நீட்டிவிடுங்கள். ஒளி பரவாமல் குறிவைத்த ஏசிக்கு மட்டும் போகும். பார்க்க அழகாக இருக்காது.

கேள்வி: பழைய ரிமோட் உடைந்துவிட்டது. பல நிறுவன ஏசிகளுக்கும் பொருந்தும் யுனிவர்சல் ரிமோட் வாங்கினேன். ஆன், ஆஃப் ஆகிறது. காற்றின் திசையை மாற்ற முடியவில்லை. பொருந்தும் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்?

பதில்: தொலைக்காட்சி ரிமோட் “ஒலியைக் கூட்டு” என்பது போல ஒரு சொல்லை மட்டும் அனுப்பும், மிகப் பரவலான ஒரு முறையில் அந்தச் செய்தியின் நீளம் 32 பிட்டுகளே (பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறி). ஏசி ரிமோட் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் முறை, வெப்பநிலை, விசிறியின் வேகம், காற்றைத் திசைதிருப்பும் இறக்கையின் நிலை, டைமர் என அனைத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் அனுப்புகிறது. பல மாடல்களில் அது நூறு பிட்டுகளைத் தாண்டும். இந்த நீண்ட செய்தியில் எந்த இடத்தில் எந்தத் தகவல் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சமயத்தில் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல், மாறும். நீங்கள் தேர்ந்தெடுத்த குறியீட்டில் ஆன், ஆஃப் இருக்கும் இடம் ஒத்துப்போயிருக்கிறது, இறக்கைக்கான இடம் ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

தானியங்கித் தேடலில் ஏசி முதன்முதலாக ‘பீப்’ சொன்ன குறியீட்டோடு நிறுத்திக்கொண்டிருப்பீர்கள். எல்லாரும் அங்கேதான் நிறுத்துகிறோம். யுனிவர்சல் ரிமோட்டோடு வந்த தாளில் உங்கள் நிறுவனத்துக்கு எதிரே ஐந்தாறு குறியீட்டு எண்களாவது இருக்கும். ஒவ்வொன்றாக இட்டு, ஆன், ஆஃபை விட்டுவிட்டு நேராக இறக்கை பட்டனையே சோதித்துப் பாருங்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் அதே மாடலுக்கான ரிமோட்டைத் தேடுவதே வழி. அதற்கு ஏசியின் மாடல் எண்ணைவிடப் பழைய ரிமோட்டின் எண்தான் அதிகம் உதவும். அது ரிமோட்டின் முதுகிலோ பேட்டரி மூடிக்கு உள்ளேயோ பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். உடைந்த ரிமோட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.